பிக் ஈஸ்ட்டுக்குப் பன்னிரண்டாவது கல்லூரி தேவையா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பின்தொடர ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். ஆட்டத்தைப் பற்றிய பேச்சுக்கு இணையாக, சில மாதங்களில் அதைவிட அதிகமாகவே, இன்னொரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். எந்தக் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸை விட்டுப் போகிறது, எந்தக் கான்ஃபரன்ஸ் யாரைச் சேர்க்கப்போகிறது, யார் பொருந்துவார்கள், யார் பொருந்தமாட்டார்கள். நன்றாக ஆடுகிற அணியைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன இவ்வளவு வாக்குவாதம் என்று தோன்றும். ஆனால் நன்றாக ஆடுவது இந்தக் கணக்கில் ஒரு பகுதிதான். மீதியைப் புரிந்துகொள்ள, பதினொரு கல்லூரிகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டாவதைச் சேர்க்கலாமா என்ற பேச்சில் இருக்கும் பிக் ஈஸ்ட் என்ற ஒரே ஒரு கான்ஃபரன்ஸை எடுத்துப் பார்த்தால் போதும். இந்தத் துறையில் நடக்கக்கூடிய நல்லது கெட்டது எல்லாமே அதற்கு நடந்திருக்கிறது.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்மட்டமான முதல் பிரிவில் 360க்கும் மேற்பட்ட கல்லூரிகள் கூடைப்பந்து ஆடுகின்றன. இத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் மோத முடியாது என்பதால், பத்து, பன்னிரண்டு, பதினாறு கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு லீக் அமைத்துக்கொள்கின்றன. அதுதான் கான்ஃபரன்ஸ். இப்படி முப்பதுக்கும் சற்று அதிகமாக இருக்கின்றன. கிரிக்கெட் வாரியம் அணிகளைப் பிரிப்பதுபோல யாரும் மேலிருந்து பிரித்துக் கொடுப்பதில்லை. உறுப்பினர்கள் தாங்களாகவே சேர்கிறார்கள், பிரிகிறார்கள், புதியவர்களை வாக்களித்துச் சேர்க்கிறார்கள். கடைசி இடம் பிடித்தால் கீழ்ப்பிரிவுக்கு இறக்கும் வழக்கமும் கிடையாது. ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், பெரும்பாலும் நீங்களாகப் போனால்தான் உண்டு. அதனால்தான் சேர்க்கும்போது அவ்வளவு யோசிக்கிறார்கள்.

சீசன் நவம்பரில் தொடங்கும். டிசம்பர் வரை பெரும்பாலும் வெளி அணிகளோடு, அப்புறம் மார்ச் தொடக்கம் வரை கான்ஃபரன்ஸுக்குள். அதன்பின் ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் தனக்குள் ஒரு நாக் அவுட் போட்டி நடத்தும். அதில் ஜெயிப்பவருக்கு மார்ச் மாதத் தேசியப் போட்டியில் நேரடி இடம். 2011 முதல் அந்தப் போட்டியில் 68 அணிகள். நேரடியாக வருபவர்கள் போக மீதி இடங்களுக்கு ஒரு தேர்வுக் குழு ஆளெடுக்கும். 2025இல் 31 பேர் நேரடியாக வந்தார்கள், 37 பேரைக் குழு தேர்ந்தெடுத்தது. கான்ஃபரன்ஸ்களின் சண்டை, பேரம், கனவு எல்லாம் அந்த இரண்டாவது எண்ணைச் சுற்றித்தான்.

சரி, இந்தக் கூடைப்பந்துக் கதைக்குள் ஃபுட்பாலையும் கொண்டுவந்தே ஆக வேண்டும். நம் ஊர்க் கால்பந்து அல்ல. ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு மோதும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரி விளையாட்டில் டிவிப் பணத்தின் பெரும்பங்கு அதற்குத்தான் வருகிறது. பிக் டென் கான்ஃபரன்ஸ் 2023இல் தொடங்கிய ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல் என்று சொல்லப்பட்டது. அது ஃபுட்பாலுக்காகக் கொடுத்த விலை. கூடைப்பந்து கூடவே போன கொசுறு. ஆகவே கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த பெரிய தாவல்கள் பெரும்பாலும் ஃபுட்பால் முடிவுகள். அதன் விளைவு சில நேரம் வேடிக்கையாக இருக்கும். பசிபிக் கடற்கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் 2024 முதல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் இருக்கின்றன. வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

பிக் ஈஸ்ட் இதற்கு நேர் எதிராகப் பிறந்தது. 1979இல் பிராவிடன்ஸ் கல்லூரியின் டேவ் கேவிட் என்ற மனிதர் அதை உருவாக்கினார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பெரிய நகரங்கள் வரிசையாக இருக்கின்றன: பாஸ்டன், நியூயார்க், பிலடெல்ஃபியா, வாஷிங்டன். அந்த நகரங்களிலும் அவற்றை ஒட்டியும் கூடைப்பந்தில் பேர்பெற்ற கல்லூரிகள் இருந்தன. பல கத்தோலிக்கக் கல்லூரிகள், அளவில் சிறியவை, பெரிய ஃபுட்பால் மைதானம் கட்ட வழியில்லாதவை. கூடைப்பந்துக்கு உள்ளரங்கமும் ஐந்து நல்ல பையன்களும் இருந்தால் போதும். செயின்ட் ஜான்ஸ், ஜார்ஜ்டவுன், சிராக்யூஸ், சீட்டன் ஹால், கனெக்டிகட், பாஸ்டன் காலேஜ், பிராவிடன்ஸ் என்று ஏழு கல்லூரிகளோடு தொடங்கியது; அடுத்த ஆண்டே வில்லனோவா சேர்ந்தது. அதே 1979இல்தான் ஈ.எஸ்.பி.என். சேனலும் தொடங்கியது. நாள் முழுக்க விளையாட்டு காட்ட வேண்டிய சேனலுக்கு ஆட்டம் வேண்டும், இவர்களுக்கு டிவி வேண்டும். ஆறே ஆண்டுகளில், 1985இல், தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் மூன்று பிக் ஈஸ்ட் அணிகள். இறுதியாட்டத்தில் வில்லனோவா ஜார்ஜ்டவுனை 66-64 என்று வீழ்த்தியது. இன்றும் பழைய ரசிகர்கள் அந்த ஆட்டத்தைத்தான் பேசுவார்கள்.

இடையில் 1982இல் ஒரு சம்பவம். ஃபுட்பாலில் பெரும்புள்ளியான பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் சேரக் கேட்டது. தேவையான வாக்குகளுக்கு ஒன்று குறைந்தது, கதவு சாத்தப்பட்டது. பிறகு பென் ஸ்டேட் பிக் டென்னுக்குப் போனது. கூடைப்பந்து மட்டும் பார்த்தால் அந்த முடிவு சரி. பென் ஸ்டேட்டின் கூடைப்பந்து அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனால் கிழக்கில் ஃபுட்பாலைத் தன் கைக்குள் கொண்டுவரும் வாய்ப்பு அன்றே போனது என்று சொல்பவர்கள் உண்டு. யார் பொருந்துவார் என்ற கேள்விக்கு விடை, நீங்கள் எந்த ஆட்டத்தை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அப்புறம் பிக் ஈஸ்ட்டும் ஃபுட்பாலுக்கு ஆசைப்பட்டது. 1991இல் மயாமி, வர்ஜீனியா டெக் போன்றவர்களை வைத்து ஃபுட்பால் லீக் தொடங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். 2004இல் அந்த இருவரும் அட்லாண்டிக் கோஸ்ட்டுக்குப் போனார்கள், அடுத்த ஆண்டு பாஸ்டன் காலேஜ். காலியான இடத்தை நிரப்ப 2005இல் லூயிவில், சின்சினாட்டி, சௌத் ஃபுளோரிடா, டிபால், மார்க்கெட் என்று ஐந்து பேரைச் சேர்த்து, கூடைப்பந்தில் மட்டும் 16 அணி கொண்ட பெரும் படையாக ஆக்கினார்கள். ஆட்டத்தைப் பொறுத்தவரை அது பொற்காலம். 2011இல் 16இல் 11 அணிகள் தேசியப் போட்டிக்குப் போயின. கான்ஃபரன்ஸுக்குள் ஒன்பதாவது இடத்தில் இருந்த யூகான் (கனெக்டிகட்டை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்) ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கான்ஃபரன்ஸ் கோப்பையைத் தூக்கி, அப்படியே தேசியக் கோப்பையையும் தூக்கியது.

ஆனால் உள்ளே வீடு இரண்டுபட்டிருந்தது. பாதிப் பேருக்கு ஃபுட்பால் முக்கியம், பாதிப் பேருக்கு அது கிடையாது. 11 அணிகளை அனுப்பிய மூன்றே ஆண்டுகளுக்குள் சிராக்யூஸ், பிட்ஸ்பர்க், நோட்ர டேம், வெஸ்ட் வர்ஜீனியா, லூயிவில், ரட்கர்ஸ் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அவர்களின் இடத்தை நிரப்ப எங்கெங்கோ தூரத்தில் இருந்த ஃபுட்பால் கல்லூரிகளைத் தேட ஆரம்பித்ததும், ஃபுட்பால் ஆசை இல்லாத ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் பொறுமை இழந்தன. டிபால், ஜார்ஜ்டவுன், மார்க்கெட், பிராவிடன்ஸ், செயின்ட் ஜான்ஸ், சீட்டன் ஹால், வில்லனோவா ஆகிய ஏழும் 2012 டிசம்பரில் தனியாகப் பிரியப்போவதாக அறிவித்தன. போகும்போது பிக் ஈஸ்ட் என்ற பெயரையும், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் போட்டி நடத்தும் உரிமையையும் கையோடு எடுத்துக்கொண்டு போயின. பெயரை இழந்த மிச்சப் பேர்தான் அமெரிக்கன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ் ஆனார்கள்.

அந்த ஏழு பேர் செய்த விரிவாக்கம்தான் என் கணக்கில் இதுவரை நடந்ததிலேயே மிகப் புத்திசாலித்தனமானது. 2013இல் மூன்று பேரை மட்டும் சேர்த்தார்கள்: இண்டியானாபொலிஸின் பட்லர், சின்சினாட்டியின் சேவியர், ஒமாஹாவின் கிரெய்ட்டன். பட்லர் 2010, 2011 இரண்டு ஆண்டும் தேசிய இறுதியாட்டம் வரை வந்த கல்லூரி. சேவியர் தேசியப் போட்டிக்கு வாடிக்கையாக வரும். கிரெய்ட்டன் ஆட்டத்துக்கு 17,000 பேர் சாதாரணமாக வருவார்கள், என்.பி.ஏ. (தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணி இல்லாத ஊர், குளிர்காலத்தில் கிரெய்ட்டன்தான் பொழுதுபோக்கு. மூவருமே தனியார் கல்லூரிகள், கூடைப்பந்தே முதல் ஆட்டம், மேல்மட்ட ஃபுட்பால் இல்லை. பட்லர் மட்டும் கத்தோலிக்கக் கல்லூரி அல்ல. அதை ஒரு தடையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு ஃபுட்பால் பணம் கூப்பிட்டால் இவர்களில் யாரும் ஓடமாட்டார்கள், ஏனென்றால் ஓடுவதற்கு அந்த மட்டத்து ஃபுட்பாலே இல்லை. முன்பு பட்ட அடி அப்படி.

பத்து அணி என்பதில் இன்னொரு அழகு இருந்தது. ஒவ்வொருவரோடும் தன் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று, ஆக 18 ஆட்டம். யாருக்கும் சுலபமான அட்டவணை, கடினமான அட்டவணை என்று பேதம் கிடையாது. 2020இல் யூகான் திரும்பி வந்தபோது 11 அணி, 20 ஆட்டம். அதே முறை தொடர்ந்தது.

யூகான் திரும்பிய கதை தனி. அமெரிக்கன் அத்லெடிக்கில் அவர்கள் ஏழு ஆண்டுகள் டெக்சஸுக்கும் லூசியானாவுக்கும் ஓக்லஹோமாவுக்கும் பறந்துகொண்டிருந்தார்கள். ஆண்கள் அணி முதல் ஆண்டிலேயே, 2014இல், தேசியக் கோப்பை வாங்கியது. அதன்பின் ஆர்வமே இல்லாத ஆட்டங்கள், காலியான இருக்கைகள். பெண்கள் அணியோ அந்தக் கான்ஃபரன்ஸில் இருந்த காலம் முழுக்க அதன் அணிகளோடு 139 ஆட்டம் ஆடி 139ம் ஜெயித்தது. ஜெயித்துக்கொண்டே இருந்தும் ஒருவருக்கும் சுவாரசியம் இல்லை என்பது, பொருந்தாத இடம் என்றால் என்ன என்பதற்கு நல்ல உதாரணம். வெளியேற 1.7 கோடி டாலர் கட்டினார்கள், ஃபுட்பால் அணியை எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லாமல் தனியாக விட்டார்கள், பழைய எதிரிகளிடம் வந்து சேர்ந்தார்கள். 2023, 2024 என இரண்டு ஆண்டும் தேசியக் கோப்பை அவர்களுக்கே.

இப்போது பன்னிரண்டாவது கல்லூரி வேண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். இதில் இரண்டு கணக்குகள் உண்டு.

முதலாவது பணம். 2025-26 முதல் பிக் ஈஸ்ட்டுக்கு ஃபாக்ஸ், என்.பி.சி., டி.என்.டி. நிறுவனங்களோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம். ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலர் என்று செய்திகளில் வந்தது. பதினொன்றால் வகுத்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 73 லட்சம். புதிதாக ஒருவர் வரும்போது டிவிக்காரர்கள் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டால் ஒழிய, பானையில் சோறு அதேதான், இலை மட்டும் ஒன்று கூடுகிறது. இதோடு தேசியப் போட்டிப் பணமும் உண்டு. அதில் ஒரு கான்ஃபரன்ஸின் அணி ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், இறுதியாட்டம் தவிர, ஒரு யூனிட் கிடைக்கும். ஒரு யூனிட் ஆறு ஆண்டுகளில் மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். அது கான்ஃபரன்ஸின் கைக்குத்தான் வரும். ஆகவே புதியவர் அடிக்கடி தேசியப் போட்டிக்குப் போய் இரண்டு மூன்று ஆட்டமாவது ஆடினால்தான் தன் சாப்பாட்டுச் செலவை ஈடுகட்டுவார்.

இரண்டாவது கணக்கு கொஞ்சம் நுணுக்கமானது, புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது. தேர்வுக் குழு அணிகளை வரிசைப்படுத்த 2018 முதல் நெட் என்ற தரவரிசையைப் பயன்படுத்துகிறது. எத்தனை ஜெயித்தாய் என்பதோடு, யாரை, எங்கே ஜெயித்தாய் என்றும் அது பார்க்கும். வெற்றிகளை நான்கு தட்டாகப் பிரிப்பார்கள். மேல் தட்டு வெற்றி என்றால் சொந்த ஊரில் முதல் 30 அணிகளில் ஒன்றை, அல்லது பொது இடத்தில் முதல் 50இல் ஒன்றை, அல்லது எதிரி ஊரில் முதல் 75இல் ஒன்றை வீழ்த்தியிருக்க வேண்டும். இப்போது பாருங்கள்: 150ஆவது இடத்தில் இருக்கும் ஒரு கல்லூரியைச் சேர்த்தால், மற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இரண்டு ஆட்டம் வீண். ஜெயித்தால் பெருமை இல்லை, தோற்றால் நாசம். ஒரு பலவீனமான உறுப்பினர் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை, எல்லோருடைய மதிப்பெண்ணையும் இழுத்துக் கீழே தள்ளுகிறார். 2024இல் பிக் ஈஸ்ட்டுக்கு மூன்றே இடம்தான் கிடைத்தது. செயின்ட் ஜான்ஸ், சீட்டன் ஹால், பிராவிடன்ஸ் மூன்றும் வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டன. கான்ஃபரன்ஸின் அடிமட்டம் சரியில்லை என்ற பேச்சு அப்போது நிறைய வந்தது. டிபால் அந்த ஆண்டு கான்ஃபரன்ஸில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

உறுப்பினர் எண்ணிக்கை கூடினால் இடமும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு 2025ஆம் ஆண்டைக் காட்டலாம். அந்த ஆண்டு சௌத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸின் 16 அணிகளில் 14 பேர் போனார்கள். பிக் ஈஸ்ட்டின் பழைய சாதனை உடைந்தது. அதே ஆண்டு அட்லாண்டிக் கோஸ்ட்டில் 18 அணிகள், போனது நான்கு. பிக் ஈஸ்ட் பதினொன்றில் ஐந்தை அனுப்பியது.

இந்த இரண்டு கணக்கிலும் தேறக்கூடிய ஒரே ஒரு கல்லூரி இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரில் உள்ள கொன்ஸாகா. ஜெசூட் (கத்தோலிக்கத் துறவற சபை) கல்லூரி, ஃபுட்பால் கிடையாது, 1999இலிருந்து 2025 வரை தேசியப் போட்டி நடந்த எந்த ஆண்டும் இல்லாமல் போனதில்லை, 2017இலும் 2021இலும் இறுதியாட்டம். குணத்தில் அச்சு அசல் பிக் ஈஸ்ட். ஆனால் நியூயார்க்கிலிருந்து 3,500 கிலோமீட்டருக்கு மேல். ஆண்கள் கூடைப்பந்து அணியாவது தனி விமானத்தில் போய்விடும். அதே கான்ஃபரன்ஸில் ஆடவேண்டிய நம் ஊர்க் கால்பந்து அணியும் வாலிபால் அணியும் வாரநடுவில் நாட்டின் மறுகோடிக்குப் போய்வந்து மறுநாள் வகுப்பில் உட்கார வேண்டும். ரசிகர்கள் இதை மறந்துவிடுவார்கள், கல்லூரி நிர்வாகம் மறக்காது. கடைசியில் 2024 அக்டோபரில் கொன்ஸாகா, சிதறிப்போய் மீண்டும் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மேற்குப் பகுதிக் கான்ஃபரன்ஸான பேக்-12ஐத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கதவு மூடியாயிற்று.

மிச்சம் இருப்பவர்களில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் மூன்று: செயின்ட் லூயிஸ், டேட்டன், வி.சி.யு. மூன்றும் அட்லாண்டிக்-10 கான்ஃபரன்ஸில் இருந்து பேசப்படுபவை.

செயின்ட் லூயிஸ் காகிதத்தில் அழகு. ஜெசூட் கல்லூரி, பெரிய நகரம், சுமார் 10,000 பேர் உட்காரும் சொந்த அரங்கம். நகரத்தில் என்.பி.ஏ. அணி இல்லை, 2016இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதிலிருந்து என்.எஃப்.எல். (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணியும் இல்லை. கிரெய்ட்டனுக்கும் பட்லருக்கும் நடுவே வசதியான பயணத் தூரம். இல்லாதது ஒன்றுதான்: மார்ச் மாதத்தில் ஜெயித்த வரலாறு. பெரிய டிவிச் சந்தையில் இருக்கும் கல்லூரி என்பது கேபிள் காலத்தில் பெரிய துருப்புச் சீட்டு. அந்த ஊரில் கேபிள் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதக் கட்டணத்தில் பங்கு வரும், ஆட்டம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஸ்ட்ரீமிங் வந்தபின் பார்க்கிறவர்தான் காசு கொடுக்கிறார். ஆகவே ஊர் எவ்வளவு பெரிது என்பதைவிட அந்த ஊரில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு டேட்டனிடம் பதில் இருக்கிறது. ஒஹாயோவின் சின்ன நகரம். ஆனால் 13,000 இருக்கைகளுக்கு மேல் உள்ள அரங்கம், வருடா வருடம் நிரம்பும். தேசியப் போட்டியின் முதல் நான்கு ஆட்டங்கள் அங்கேதான் நடக்கும். அந்தப் போட்டியின் ஆட்டங்களை அதிக எண்ணிக்கையில் நடத்திய அரங்கமும் அதுவே. 2020இல் 29 வெற்றி, 2 தோல்வி என்று வந்து நின்றபோது கொரோனாவால் போட்டியே ரத்தானது, பாவம். டேட்டனுக்கு எதிராகச் சொல்லப்படுவது, சேவியர் இருக்கும் சின்சினாட்டி அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், ஒரே சந்தையில் இரண்டு கடை எதற்கு என்பது. எனக்கு இந்த வாதம் பலவீனமாகத் தெரிகிறது. பக்கத்து ஊர்க்காரர்களின் பகைதான் பிக் ஈஸ்ட்டையே வளர்த்தது.

வி.சி.யு. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்டில் உள்ள அரசுப் பல்கலைக்கழகம். 2011இல் முதல் நான்கு ஆட்டத்தில் தொடங்கிக் கடைசி நான்கு வரை ஏறிவந்த அணி. அன்று அதன் கோச்சாக இருந்த ஷாகா ஸ்மார்ட் பின்னால் மார்க்கெட்டுக்குப் போனார். அரசுக் கல்லூரி என்பது தடையல்ல, யூகானும் அரசுக் கல்லூரிதான். அரங்கம் மட்டும் சிறியது, ஏழாயிரத்துச் சொச்சம். கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸையும் சிலர் சொல்வார்கள். அருமையான அணி, ஆனால் அரங்கத்தில் 3,500 பேர், தூரமோ கொன்ஸாகாவுக்குச் சளைத்ததல்ல.

இவர்களில் யாரையாவது இன்று சேர்க்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். பன்னிரண்டாவது வந்தால் எல்லோரும் எல்லோரோடும் இருமுறை ஆட 22 ஆட்டம் வேண்டும். ஒரு சீசனுக்கு அனுமதியே முப்பத்துச் சொச்சம் ஆட்டம்தான் என்னும்போது, வெளி அணிகளோடு மோதிப் பெயர் வாங்க இடமே இருக்காது. இல்லையென்றால் அந்த நேர்த்தியான அட்டவணையை உடைக்க வேண்டும். அதற்கு ஈடாக வருவது ஒரு நடுத்தர அணியும் மெலிந்த பங்கும். இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு வழக்குச் சமரசத்துக்குப் பின், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். ஃபுட்பால் கல்லூரிகள் அதில் பெரும்பங்கை ஃபுட்பாலுக்கே கொட்ட வேண்டும். பிக் ஈஸ்ட்காரர்களுக்கு அந்தச் சுமை இல்லை, இருப்பதைக் கூடைப்பந்தில் போடலாம். அப்படிப் போடுவதற்குக் கையில் காசு இருக்க வேண்டிய நேரத்தில் பங்கைப் பிரிப்பது புத்தியல்ல.

யூகான் கிளம்பினால் மட்டும் கதை மாறும். மேல்மட்ட ஃபுட்பால் வைத்திருக்கும் ஒரே ஆபத்தான உறுப்பினர் அதுதான். 2024இல் பிக் 12 கான்ஃபரன்ஸ் அதோடு பேசிப் பார்த்தது, பேச்சு நின்றது; மீண்டும் தொடங்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியொரு நாள் வந்தால் காலியாவது ஆண்கள் பிரிவில் மட்டும் ஆறு தேசியக் கோப்பைகள் வைத்திருக்கும் கல்லூரியின் இடம்; யாரைப் போட்டாலும் நிரம்பாது. அன்றைக்கு டேட்டனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். செயின்ட் லூயிஸ் அடுத்து, அதுவும் இரண்டு மூன்று மார்ச் மாதங்கள் ஜெயித்துக் காட்டிய பிறகு.